மனப்பாடமும் மனக்கணக்கும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் உள்ள மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், பிரம்மா, சிவன், விஷ்ணு என்னும் மும்மூர்த்திகளுக்கும் பாறையைக் குடைந்து ஓர் ஆலயம் எடுப்பித்து, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி இது சமைக்கப்பட்டது என்று சம்ஸ்கிருதத்தில் ஒரு சாசனத்தையும் பொறித்து வைத்தான். கொடுத்த பொன்னையும் நிலத்தையும் வரிசைப்படுத்தும் சாசனங்கள் நம் நாட்டில் ஏராளம். விலக்கிய பொருள்களைச் சொல்லிப் பெருமை கொள்ளும் சாசனமோ மிக அபூர்வம். வழக்கமான சாதனங்களைத் தானே துறந்துவிட்டு, மிஞ்சியதைக் கொண்டு காரியத்தை நிறைவேற்றுவதே வித்தைக்குச் சோதனை என்ற எண்ணம் அதில் தொனிக்கிறது. இன்று அதே சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து பொறியியல் பயின்று, மென்பொருள் உத்தியோகத்துக்கு நேர்காணல் கொடுக்கப் போகும் பிள்ளைகளும் இத்தகைய விலக்குகளையே எதிர்கொள்கிறார்கள்: ஒரு சொல்லின் எழுத்துகளைத் தலைகீழாக்கிக் காட்டு, ஆனால் புரோகிராம் மொழியோடு வரும் ஆயத்தக் கட்டளையைத் தொடாதே, எண்களை வரிசைப்படுத்து, ஆனால் இரண்டாவதாக ஓர் அரே (எண்களை அடுக்கிவைக்கும் வரிசை) உண்டாக்காதே. இந்தப் பரீக்ஷைக்குப் பழகும் வழக்கம் முழுவதும் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று பலர் கருதுகிறார்கள். அதற்கு ஈடான அப்பியாசம் நம் திண்ணைகளில் நெடுங்காலம் நடந்து வந்திருக்கிறது என்பதே என் துணிபு.

பழங்காலத்துப் பெரிய கலாசாலைகளை இங்கே விரிக்க வேண்டியதில்லை. செஞ்சிச் சாலையை ஒட்டிய எண்ணாயிரத்தில், முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில், 340 மாணாக்கர் நாள்தோறும் நெல் பெற்றுக் கற்றதைக் கல்வெட்டு சொல்கிறது. ஆயினும் அங்கே கற்பிக்கப்பட்டவை வேதமும் வியாகரணமும் மீமாம்சையுமே. கணக்கு என்னும் லௌகிக வித்தை வளர்ந்த இடம் திண்ணைப் பள்ளிக்கூடம். மணலில் விரலால் எழுதத் தொடங்கிய சிறுவன், பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் எண்சுவடியும் கற்று, ஒன்றில் முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரியிலிருந்து, அரைக்காணி, காணி, மா என்று ஏறும் பின்னங்களையெல்லாம் மனத்தில் பதித்து, சட்டாம்பிள்ளை கேட்க, எழுதாமல், பாராமல், உரத்த குரலில் விடை சொல்ல வேண்டியிருந்தது. சுவடி நினைவுக்குத் துணையாக மட்டும் இருந்தது. பரீக்ஷை வாயளவில் நடந்தது. கேட்பவனுக்கு எதிரே நின்று, தயங்காமல், வழியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் உள்ள ஒரு விதியைப் பார்ப்போம். பலாப்பழத்தை அறுக்காமலே அதன் சுளைகளை அறிய வேண்டுமானால், காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் ஐம்பதானால் சுளை அறுபது. எல்லாப் பழமும் இவ்விதிக்குக் கட்டுப்படுமா என்ற கேள்வி ஒருபுறம் இருக்க, கொள்ளும் பொருள் எது, செய்யும் படிகள் எவை, பெறும் விடை எது என்ற மூன்றையும் இவ்வளவு சுருக்கமாகவும் கிரமமாகவும் செய்யுளில் அடைத்த புலவரை, புரோகிராம் எழுதுவோர் தம் முன்னோராகவே கொண்டாடலாம்.

இப்படிப் பழகியவன் பின்பு கிராமக் கணக்குப்பிள்ளையிடம் உடனிருந்து தொழில் கற்றான்; கம்பெனியார் ஆட்சி வந்தபின், காலியிடம் விழும்வரை ஊதியமின்றிக் கச்சேரியில் காத்திருந்த உமேதுவாரும் ஆனான். ஆனால் ஒடுக்கப்பட்ட ஜாதிகளின் குழந்தைகளுக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் அந்தத் திண்ணையில் இடமில்லை என்பதை மறைத்து அதன் பெருமையைப் பேசுவது தர்மமன்று.

மனப்பாடத்தின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருங்கே காட்டும் சம்பவம் ஒன்று செஞ்சிக்குத் தென்கிழக்கே புதுச்சேரியில் நடந்தது. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஜான் வாரன் என்பவர், தென்னிந்திய மக்கள் காலத்தைக் கணிக்கும் முறைகளை ஆராய்ந்து, 1825ஆம் ஆண்டில் 'கால ஸங்கலித' என்ற பெரிய நூலை வெளியிட்டார். அவர் வேண்டுகோளின்படி, புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக்காரர் ஒருவர், அவ்வாண்டு மே 31ஆம் தேதி இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதமும் எழுதுகோலும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, சில சொற்களாலும் அசைகளாலும் கோத்து மனப்பாடம் செய்திருந்த வாய்பாடுகளை நினைவிலிருந்து எடுத்து, படிப்படியாக முடிவுக்கு வந்தார். கிரகணம் உண்மையில் நிகழ்ந்த நேரத்துக்கும் அவர் கணிப்புக்கும் தொடக்கத்தில் 4 நிமிஷமும், நடுவில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமுமே வித்தியாசம். வானியல் சித்தாந்தத்தின் காரணங்களை அவர் அறிந்திருக்கவில்லை, ஞாபகசக்தி மட்டும் அபாரமாக இருந்தது என்று வாரன் எழுதினார். பின்னாளில், 1952இல், விஞ்ஞான சரித்திர ஆசிரியர் ஓட்டோ நியூகெபவர் இக்கணிப்பை ஆராய்ந்து, பாபிலோனியர் காலம்வரை பின்னோக்கிச் செல்லும் ஒரு முறையின் தொடர்ச்சியை அதில் கண்டார். காரணம் அறியாதவர் என்று அந்தப் பஞ்சாங்கக்காரரை இகழ எனக்கு மனம் வரவில்லை. ஒரு பழைய விதித்தொகுதியைத் தலைமுறை தலைமுறையாகச் சிதையாமல் ஏந்தி வந்த கூட்டத்தின் பிரதிநிதி அவர். ஆனால் அந்த 52 நிமிஷப் பிழையைத் திருத்த, அவர் கற்ற கல்வியில் வழி இல்லை.

நவீனப் பரீக்ஷையின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஐ.பி.எம். நிறுவனம் 1950களிலேயே புரோகிராம் எழுதும் இயல்திறனைச் சோதிக்கத் தனித் தேர்வு ஒன்றை வகுத்தது. தொழில் கற்றவர்களே சிலராக இருந்ததால், கற்றதைக் கேளாமல் புதிர்களைக் கேட்டார்கள். தமிழ்நாட்டில், சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐ.பி.எம். 370 கணிப்பொறி வந்தது; எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. 2000இல் சென்னையில் டைடல் பார்க் என்னும் மென்பொருள் வளாகம் திறக்கப்பட்டது. 2007இல் பொறியியல் நுழைவுத் தேர்வு நீங்க, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு 2010 முதல் கட்டணச் சலுகையும் கிடைத்தது. திண்ணை ஏற்க மறுத்த குடும்பங்களின் பிள்ளைகள் இதனால் கணிப்பொறியின் முன் அமர்ந்தார்கள் என்பதை நம் காலத்தின் பெரிய நிகழ்ச்சிகளுள் ஒன்றாகவே எண்ணுகிறேன். விடுதி அறைகளில் ஆர்.எஸ். அகர்வாலின் ஆப்டிட்யூட் புத்தகமும், சகுந்தலா தேவியின் புதிர்களும், யஷவந்த் கனேட்கரின் 'லெட் அஸ் சி'யும் கைமாறிக் கைமாறி நைந்தன. திருச்சி என்.ஐ.டி.யில் பயின்ற விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் 2009இல் இன்டர்வியூஸ்ட்ரீட் என்ற முயற்சியைத் தொடங்கி, அதை ஹாக்கர்ரேங்க் ஆக வளர்த்து, உலகமெங்கும் நேர்காணல்களில் நடக்கும் கோடிங் ரவுண்டு என்னும் புரோகிராம் எழுதும் சுற்றுக்கே ஒரு களம் அமைத்தார்கள்.

மனப்பாடம் எங்கே கைவிடும் என்பதை ஒரே ஒரு கணக்கால் காட்ட முடியும். ஏறுவரிசையில் உள்ள ஆயிரம் எண்களுள் ஒன்றைத் தேட வேண்டும். நடுவிலுள்ளதைப் பார்த்து, தேடுவது அதைவிடச் சிறியதானால் வலப்பாதியையும், பெரியதானால் இடப்பாதியையும் தள்ளிவிட்டால், பத்துப் பார்வைக்குள் முடிந்துவிடும். பைனரி ஸர்ச் என்னும் இந்த முறை கேட்கச் சுலபம். ஆயினும் ஜான் பென்ட்லி என்ற பேராசிரியர் தொழில்முறைப் புரோகிராமர்களிடம் இதைக் கொடுத்து எழுதச் சொன்னபோது, பத்தில் ஒன்பது பேர் எழுதியவற்றில் பிழை இருந்தது. அவர் தம் நூலில் நிரூபித்துக் காட்டிய வடிவத்திலும், ஜாவா மொழியோடு வந்த வடிவத்திலும்கூட ஒரு பிழை ஒளிந்திருந்ததை 2006இல் ஜோஷுவா பிளாக் வெளிப்படுத்தினார். நடுவிடத்தைக் காணக் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம். எண்களின் எண்ணிக்கை நூறு கோடியைத் தாண்டும் பேரளவில், அந்தக் கூட்டுத்தொகை அம்மொழியின் சாதாரண முழு எண் ஏற்கும் 214 கோடிச் சொச்சத்தை மீறி, எதிர்மறை எண்ணாக மாறிவிடுகிறது. எல்லைகளின் வித்தியாசத்தைப் பாதியாக்கிக் கீழ் எல்லையோடு கூட்டினால் தோஷம் நீங்குகிறது.

இந்தத் திருத்திய வரியை இன்று பயிற்சி வகுப்புகளில் எல்லோரும் மனப்பாடமாகவே எழுதுகிறார்கள். ஆகவே நேர்காணல் செய்வோர் எழுதிய வரியோடு விடுவதில்லை. ஏன் கூட்டி வகுக்கவில்லை என்று கேட்கிறார்கள், பிறகு எண்கள் இறங்குவரிசையில் இருந்தால் என்ன செய்வாய், ஒரே எண் பலமுறை வந்தால் முதலாவதை எப்படிக் காண்பாய் என்று நிபந்தனையை மாற்றிக்கொண்டே போகிறார்கள். இதை அறிந்த பிள்ளைகள் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் கேட்க மற்றவர் வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டே ஒவ்வொரு படிக்கும் காரணத்தை வாய்விட்டுச் சொல்லி, முறை மாற்றி, மறுபடியும் கேட்டுப் பழகுகிறார்கள்.