ஜப்பானில் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளை ஐந்து நாள் வேலைக்கு அனுப்பிய கதை

"உங்க 8ஆம் வகுப்புப் பையனை ஒரு வாரம் ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க, பேக்கரிக்கு அனுப்புங்க"னு அரசாங்கமே சொன்னா நம்மூர்ல என்ன ஆகும்? மறுநாள் காலையில் பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம்தான்.

ஜப்பானின் ஹியோகோ மாகாணம் 1998இல் இதைச் செய்தது. ஏன் செய்தது என்பதுதான் முக்கியம்.

1995 ஜனவரி 17. ஹியோகோவின் தலைநகரான கோபே நிலநடுக்கத்தில் சரிந்தது. 6,400க்கும் அதிகமானோர் இறந்தார்கள். இடிபாடுகளில் இருந்தவர்களை முதலில் தூக்கிவிட்டது பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஆட்கள்.

அந்தக் காயம் ஆறுவதற்குள் 1997இல் அதே கோபேயில் இரண்டு குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டவனுக்கு வயது 14. ஜூனியர் ஹை ஸ்கூல் மாணவன்.

நாடே ஆடிப்போச்சு. "இந்த வயசுப் பிள்ளைங்க மனசுல என்னதான் ஓடுது?" எல்லார் வீட்டிலும் இதே கேள்வி.

இதற்கு இரண்டு விதமான பதில்கள் வந்தன.

முதல் பதில் நாடாளுமன்றத்தில் இருந்து. 2000இல் சிறார் சட்டத்தைத் திருத்தி, குற்றவியல் தண்டனைக்கான குறைந்தபட்ச வயதை 16இலிருந்து 14ஆகக் குறைத்தார்கள்.

அதற்கு முன்பே ஹியோகோ வேறு பக்கம் போயிருந்தது. உளவியலாளர் ஹயாவோ கவாய் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து பேசியது. அதன் பிறகு 1998இல் வந்த திட்டம்: அரசு ஜூனியர் ஹை பள்ளிகளின் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள், அதாவது நம்ம 8ஆம் வகுப்பு, ஐந்து நாள் முழுக்கப் பள்ளிக்கு வெளியே. கடை, மழலையர் பள்ளி, வயல், தீயணைப்பு நிலையம் என்று ஊருக்குள்ளேயே. சொல்லிக்கொடுப்பது அந்தந்த இடத்துப் பெரியவர்கள்.

பெயர் 'ட்ரை யாரு வீக்'. 'யாரு' என்றால் ஜப்பானிய மொழியில் 'செய்வது'. ட்ரையல் என்ற சொல்லை வைத்து ஒரு சின்ன விளையாட்டு. (நமக்கு 'யாரு' வேற அர்த்தம். அதுவும் பொருந்தத்தான் செய்யுது!)

கவனியுங்க, "நீ என்னவாகப் போறே?" என்று முடிவெடுக்க வைப்பது இதன் முதல் நோக்கமாக இருக்கவில்லை. பெற்றோர், டீச்சர் தவிர வேறு பெரியவர்களோடு அந்தப் பிள்ளை ஒரு வாரம் பழகணும். அவ்வளவுதான்.

பிள்ளைகளிடம் கேட்டபோது பெரும்பாலானவர்கள் நிறைவாக இருந்ததாகச் சொன்னார்கள். ஆனா ஒரு மருத்துவரா என்னை நிறுத்தினது இன்னொரு தகவல். பள்ளிக்கே வராமல் வீட்டில் முடங்கியிருந்த பிள்ளைகளில் சிலர் இந்த வாரத்துக்கு மட்டும் வந்தார்கள். அதில் சிலர் பிறகு பள்ளிக்கும் திரும்பினார்கள். பேக்கரி வேலை பிடிச்சதாலயா? எனக்கு அப்படித் தோணலை. "நாளைக்கும் சீக்கிரம் வந்துடு, மாவு பிசையணும்"னு ஒருத்தர் சொன்னா, நம்மை ஒருத்தருக்குத் தேவைப்படுதுன்னு அர்த்தம். அந்த வயசுக்கு அது பெரிய மருந்து.

1999இல் தொயாமா மாகாணமும் இதே வழியில் இறங்கியது. 2005இல் மத்திய கல்வி அமைச்சகம் 'கேரியர் ஸ்டார்ட் வீக்' என்று நாடு முழுக்க ஊக்குவித்தது. அப்போது கவலை வேறு. படிப்பு முடிந்தும் நிலையான வேலையில்லாத இளைஞர்கள் பெருகிக்கொண்டிருந்தார்கள். மனசுக்காகத் தொடங்கியது வேலைவாய்ப்புக்கானதாக மாறியது. ஐந்து நாளும் பல பள்ளிகளில் மூன்று, இரண்டு, சில இடங்களில் ஒரே நாளாகச் சுருங்கியது.

ஒரே நாள்ல என்ன கிடைக்கும்? ஹவுஸ் சர்ஜனா புது வார்டுக்குப் போன யாரையாவது கேளுங்க. முதல் நாள் பூரா "கையை எங்க வைக்கிறது"ங்கிற பயத்துலயே போயிடும். மூணாவது நாள்தான் நர்ஸ் அக்கா பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க.