அறுந்த இடம் எது?

கம்பி வழியே செய்தி செல்லத் தொடங்கிய நாளிலேயே கம்பியிற் பழுது தேடும் கலையும் தொடங்கிவிட்டது. முன்னதன் வரலாற்றை விரித்துரைத்தோர் பலர். பின்னதனை நினைத்துப் பார்ப்போர் சிலரே. வீட்டு மேசை மீதுள்ள சிறு பெட்டி திடீரெனச் செயலற்று நிற்க, பிள்ளையின் பாடம் பாதியில் அறுபடும் வேளையில் நமக்குக் கைகொடுப்பது பின்னதேயாம். ஆதலின், நேயர்களே, அக்கலையின் கதையைச் சிறிது கூற விழைகின்றேன்.

இலங்கையில் முதலாவது தந்திக் கம்பி 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே போடப்பட்டது. அதற்கு முன்னர், காலித் துறைமுகத்துக்குக் கப்பல்கள் கொணர்ந்த வெளிநாட்டுச் செய்திகளைக் கொழும்பிலிருந்த 'ஒப்சேவர்' பத்திரிகை புறாக்களின் மூலம் பெற்றுவந்தது. புறா வந்து சேராவிடின் அது பருந்துக்கு இரையாயிற்றா, வழி தவறிற்றா, அன்றி அனுப்பப்படவே இல்லையா என்று அறிவதற்கு வகையில்லை. கம்பியோ அவ்வாறன்று. அது வாய்மூடிக் கிடக்கும்போதும் அதனை வினவலாம். எவ்விடத்தில் ஊறுபட்டது என்பதை அதனிடமிருந்தே அறியலாம்.

ஆயினும் வினவும் முறையை உலகம் எளிதிற் கற்கவில்லை. அதே 1858ஆம் ஆண்டு ஆகஸ்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிற் போடப்பட்ட கம்பி வழியே இங்கிலாந்து அரசியாரின் வாழ்த்து அமெரிக்காவை அடைந்தது. குறிகள் நலிந்து வந்தன. பொறுப்பிலிருந்த வைட்ஹவுஸ் என்பார் ஏறத்தாழ 2000 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்தி வலிந்து பேசவைக்க முயன்றார். சில வாரங்களுள் கம்பி அடியோடு மௌனமாயிற்று. முன்னரே குறையுற்றிருந்த கம்பி அது என்பாரும் உளர். ஆயின் நலிந்ததனை அடித்து எழுப்ப முயன்றமை அதன் முடிவை விரைவுபடுத்தியது என்பதில் ஐயமில்லை. மறுபுறத்தில், வில்லியம் தொம்சன் என்னும் பேராசிரியர் மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் காட்டவல்ல கண்ணாடி மானியைக் கையாண்டார். ஒருவர் அடித்தார், மற்றவர் உற்றுக் கேட்டார். பழுது பார்ப்போருள் இவ்விரு வகையினரும் இன்றளவும் உளர்.

உற்றுக் கேட்கும் வழி கணக்கின் வழியாகும். தடையை அளக்கும் மின்சுற்று ஒன்றனை 1833இல் கிறிஸ்டி வகுத்தார். 1843இல் வீற்ஸ்ரன் அதனைப் பலரும் அறியச் செய்தார். ஒரு மைல் கம்பியின் தடை இத்துணை எனத் தெரிந்திருப்பின், பழுதுற்ற கம்பியின் தடையை நிலையத்தில் இருந்தபடியே அளந்து, ஊறு எத்தனையாவது மைலில் உள்ளது என மதிப்பிடலாம். மைலுக்கு 10 ஓம் எனக் கொள்வோம். அளவு 70 ஓம் எனின், ஏழாவது மைலின் அருகே ஆளை அனுப்பலாம். பழுதுக்கும் தனக்கென ஒரு தடை உண்டு. ஆதலின் இரு முனைகளிலிருந்தும் அளந்து ஒப்பிடுவது வழக்கம்.

எமது வட்டவளையைக் கடந்து 1884இல் ஹட்டன் வரை நீண்ட புகையிரதப் பாதை ஒற்றைத் தண்டவாளத்தது. 'டெப்லெட்' எனும் வட்டத் தகடு சாரதியின் கையில் இருந்தாலன்றி வண்டி அடுத்த நிலையத்துக்குப் புறப்படுதல் கூடாது. இரு நிலையத்தாரும் கம்பி வழியே இணங்கினாலன்றி அத்தகடு பெட்டியினின்று வெளிவராது. கம்பி அறுந்தால் தகடு வராது, வண்டி நிற்கும். பழுது தன்னைத் தானே அறிவிக்குமாறு அமைந்த அருமையான ஏற்பாடு இது!

இனி நம் காலத்துப் பெட்டிகளைக் காண்போம். கணினியின் எண்களைத் தொலைபேசிக் கம்பி ஏந்தக்கூடிய ஒலியாக மாற்றி, மறுமுனையில் மீண்டும் எண்ணாக்குவது மொடெம். 1962இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மொடெம் வினாடிக்கு 300 துணுக்குகளை அனுப்பிற்று. வந்த பொதியை உரிய வழியில் திருப்பிவிடுவது ரௌட்டர்; அதன் மூதாதை 1969இல் தோன்றியது. அவ்வாண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் இரு கணினிகளை இணைக்க முயன்றவர்கள், ஓர் எழுத்தை அனுப்பியதும் தொலைபேசியில் "வந்ததா?" என மறுமுனையை வினவினர். முதலெழுத்து வந்தது, இரண்டாவதும் வந்தது, மூன்றாவதற்குள் மறுமுனைக் கணினி நிலைகுலைந்தது. எழுத்தெழுத்தாய் வினவியமையால், குறை எம்முனையினது என்பது அக்கணமே தெரிந்துபோயிற்று. 1983இல் மைக் மூஸ் என்பார் இவ்வினவுதலையே 'பிங்' என்னும் சிறு நிரலாக்கினார். கடலடியில் ஒலியனுப்பி எதிரொலி கேட்பதை ஒத்தது அது.

வீட்டிற் செய்ய வேண்டுவதும் இதுவே. கைப்பேசியிலிருந்து ரௌட்டர் வரை ஒரு துண்டு, ரௌட்டரிலிருந்து மொடெம் வரை மற்றொன்று (இரண்டும் ஒரே பெட்டியில் இருத்தலும் உண்டு), மொடெமிலிருந்து தெருக்கம்பம் வழியாக நிலையம் வரை மூன்றாவது, அதற்கப்பால் உலகம். முதலில் விளக்குகளைப் பாருங்கள். கம்பி இணைப்பைக் குறிக்கும் விளக்கு அணைந்தோ சிமிட்டியோ இருப்பின், பழுது மூன்றாவது துண்டில் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அது நிலைத்து எரிந்தும் இணையம் இல்லையெனின், ரௌட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1 என்பதற்கு, ஒரு பிங் அனுப்புங்கள். விடை வாராவிடின் குறை வீட்டினுள்ளேதான். விடை வந்தால் வெளியுலக எண் முகவரி ஒன்றை வினவுங்கள். எண் விடைதந்து பெயர் விடைதராதாயின், கம்பி நலமே. பெயரை எண்ணாக மாற்றும் ஏற்பாடே பிழைத்துள்ளது. இடையில், மின்னை நிறுத்தி ஓரிரு நிமிடம் கழித்து மொடெமை முதலிலும் ரௌட்டரைப் பின்னரும் எழுப்பிப் பார்த்தலும் தகும். பெட்டியின் பின்னுள்ள சிறு துளையில் ஊசியைக் குத்துவோரைக் கண்டால் எமக்கு வைட்ஹவுஸ் நினைவே வருகின்றது. அது நிறுவனத்தார் பதித்த பெயரையும் கடவுச்சொல்லையும் அழித்துவிடும். ஒரு குறை இரண்டாகும்.

வட்டவளை இலங்கையிலேயே மிகுமழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பொழிகின்றது. ஈரம் புகுந்த செப்புக்கம்பி இணைப்பு மழையில் அறுந்து வெயிலிற் கூடும். எமக்குத் தெரிந்த லயன் குடும்பம் ஒன்று, 2020இல் பாடசாலைகள் மூடியிருந்த காலத்தில், மகளின் படிப்புக்கெனக் கடன்பட்டுப் புதிய பெட்டி வாங்கிற்று. புதிய பெட்டியும் மழையன்று பேசவில்லை. கூரையோரத்தில் பச்சை பூத்திருந்த ஓர் இணைப்பே குற்றவாளி. இரண்டு மாத வேலைக்கூலி அவ்விணைப்பைப் பாராமையால் போயிற்று. மழைக்கும் வெயிலுக்கும் இணைப்பு மாறுவதைத் திகதியிட்டு ஒரு தாளில் குறித்து வைத்திருப்பின், அத்தாளே பழுது பார்ப்பவரை நேரே கூரையோரத்துக்கு அழைத்துச் சென்றிருக்கும்.

இடி முழங்கும் ஏப்பிரல், ஒக்டோபர் மாதங்களில் மின்கம்பியோடு தொலைபேசிக் கம்பியையும் இடி தொடங்குமுன்னரே கழற்றிவிடுதல் வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றுவது பயன்தராது. ஒளியிழை வந்த வீடுகளுக்குச் செப்பின் ஈரத்தொல்லை இல்லை. ஆயினும் மரக்கிளை விழுந்தால் இழை ஒடியும். பெட்டியிற் சிவப்பு விளக்கு எரியும். அப்போது நிலையத்தார் ஓர் ஒளித்துடிப்பை இழையினுள் அனுப்பி, அது ஒடிந்த முனையிற் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை அளந்து, இத்தனையாவது மீற்றரில் என்று குறித்துக்கொண்டு ஏணியுடன் புறப்படுவர்.