பாலாற்றங்கரைக்கு ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையில், பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன் எதிர்ப்படும் வறிய பாணனுக்கு ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊருக்குச் செல்லும் வழியைச் சொல்கிறான். நத்தத்தனார் காட்டும் அவ்வழியில் முதலில் வருவது எயிற்பட்டினம் என்னும் கடற்கரைத் துறைமுகம், அடுத்து வேலூர், அதனையடுத்து ஆமூர். ஒவ்வோர் ஊரிலும் என்ன காணலாம், யார் எதிர்கொள்வர், என்ன உண்ணக் கிடைக்கும் என்பதைப் புலவர் நிரல்படக் கூறுகிறார். துறைமுகத்தில் பரதவர் தரும் மீன், வேலூரில் எயிற்றியர் படைக்கும் புளிச்சோறு, ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோற்றுடன் நண்டுக் கலவை என உணவு நிலத்துக்கு நிலம் மாறுகிறது.

இப்பாட்டில் வரும் வேலூர் இன்றைய கோட்டை வேலூர் அன்று. திண்டிவனத்தை அடுத்த பகுதியில் உப்புவேலூர் என வழங்கும் ஊரே அது என்பர் ஆராய்ச்சியாளர். ஆமூரும் ஆம்பூர் அன்று. ஆயினும் வேலூரும் ஆம்பூரும் அடுத்தடுத்து அமைந்த பாலாற்றங்கரையில் நின்று இப்பாட்டைப் பயில்வோர்க்கு அப்பெயரொலி ஒரு வினாவை எழுப்பாமல் இராது. இந்நிலத்துக்கு ஓர் ஆற்றுப்படை பாடப்பெறின் அது எதையெதைச் சொல்லும்?

உல்லாசப் பயணியின் இக்கால வழிகாட்டி நூல்கள் மூன்றை மட்டுமே சொல்கின்றன: பழைய மதில், கடைத்தெரு, உணவு. கரீபியக் கடலோரத்துக் கார்த்தகேனாவுக்கோ, போர்ட்டோ ரிக்கோவின் சான் யுவானுக்கோ காலையில் கப்பலில் வந்திறங்கி மாலையில் திரும்பும் பயணிக்கு இம்மூன்றும் போதும். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு அம்மதில்களில் கல் சுமந்த அடிமைகளைப் பற்றி அவர் கேட்டாலன்றி யாரும் சொல்வதில்லை. கடலே இல்லாத வேலூர்ப் பகுதியிலும் மதில், கடைத்தெரு, உணவு ஆகிய மூன்றும் உள்ளன. அவற்றின் பின்னே சொல்லப்படாதவையும் உள்ளன.

கோட்டை

வேலூரில் வந்திறங்குவோர் கண்ணில் முதலிற் படுவது அகழி சூழ்ந்த கருங்கற் கோட்டை. 133 ஏக்கர்ப் பரப்புடைய இக்கோட்டை, 16ஆம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசுக்கு உட்பட்ட நாயக்கர் காலத்தில் எழுந்தது. சின்ன பொம்ம நாயக்கர் இங்கு ஆண்டபோது வடமொழிப் பேரறிஞர் அப்பைய தீட்சிதரைப் புரந்தார். பின்னர் விசயநகர மன்னர்களின் இறுதித் தலைநகரங்களுள் ஒன்றாகவும் வேலூர் விளங்கியது. பீசப்பூர்ச் சுல்தானியர், 1678இல் மராத்தியர், 1708இல் முகலாயர், அதன்பின் ஆர்க்காட்டு நவாபு, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் எனக் கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது.

கோட்டையின் உள்ளே சலகண்டேசுவரர் கோயிற் கல்யாண மண்டபத் தூண்கள் யாளிகளாகவும் குதிரை வீரர்களாகவும் உயிர்பெற்று நிற்கின்றன. யானைக்கும் காளைக்கும் ஒரே தலை அமையச் செதுக்கிய சிற்பத்தைக் குழந்தைகள் ஒரு பாதியை மறைத்தும் மறுபாதியை மறைத்தும் பார்த்து மகிழ்வர். இக்கோயில் நெடுங்காலம் மூலவரின்றி இருந்தது. படைக்கலக் கொட்டிலாகவும் பயன்பட்டது. 1981ஆம் ஆண்டிலேதான் சத்துவாச்சாரியிலிருந்த இலிங்கம் கொண்டுவரப்பட்டு மீண்டும் வழிபாடு தொடங்கியது. அதே வளாகத்தில் ஒரு பள்ளிவாசலும் ஒரு கிறித்தவத் தேவாலயமும் உள்ளன. அரசு அருங்காட்சியகமும் இங்கேயே இயங்குகிறது.

மதிலின் அழகில் மயங்குவோர் அது சிறைச்சுவராகவும் இருந்ததை மறந்துவிடுதல் கூடாது. 1799இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின், அவருடைய மைந்தரும் மகளிரும் இக்கோட்டை மாளிகைகளிற் காவலில் வைக்கப்பட்டனர். 1815இல் கண்டி அரசு பறிபோனபின், இலங்கையின் இறுதி மன்னனான சிறீ விக்கிரம ராசசிங்கனும் 1816இல் இங்கே கொண்டுவரப்பட்டான். 1832ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அவன் காவலிலேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்னும் நினைவிடம் அவன் அடக்கமான இடத்தைக் காட்டி நிற்கிறது. திப்பு குடும்பத்தாரின் கல்லறைகளும் இந்நகரிலேயே உள்ளன. தென்னிந்தியாவும் இலங்கையும் விடுதலை இழந்த வரலாற்றின் இரண்டு இறுதி ஏடுகள் ஒரே மதிலுக்குள் முடிவுற்றன.

1806ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் விடியுமுன் கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். திப்புவின் மகளொருத்தியின் திருமணக் கொண்டாட்டம் நடந்த வேளை அது. படைத்தலைவர் சர் சான் கிராடக் காலத்தில் வந்த ஆணைகள், நெற்றியில் சமயக் குறிகளையும் தாடியையும் விலக்கின. புதிய வகைத் தலைப்பாகையை அணியுமாறும் கட்டாயப்படுத்தின. அத் தலைப்பாகையில் தோலாலான ஒரு குஞ்சம் இருந்தது. எந்த விலங்கின் தோலோ என்ற ஐயம் இந்து, முசுலிம் வீரர் இருசாராரையும் ஒருங்கே தாக்கியது. கிளர்ச்சியாளர் கோட்டையைக் கைப்பற்றித் திப்புவின் கொடியை ஏற்றினர். அன்று காலையிலேயே ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்த கில்லெசுப்பி கோட்டையை மீட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். கிராடக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். திப்புவின் மைந்தர் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். 1857க்கு அரை நூற்றாண்டு முன்னரே நிகழ்ந்த இவ்வெழுச்சிக்கு 2006இல் இந்திய அஞ்சல்துறை நினைவுத் தலை வெளியிட்டது. தோல் வணிகத்தால் பெயர்பெறவிருந்த ஊரின் வரலாற்றில் ஒரு தோற்குஞ்சம் தீமூட்டியது காலத்தின் விந்தையே.

தோல்

தமிழ்ப் புலவர்க்குத் தோல் அயலான பொருளன்று. பாணன் கையிலிருந்த யாழின் பத்தர் தோலாற் போர்க்கப்பெற்றதைப் பொருநராற்றுப்படை நுணுக்கமாகக் காட்டுகிறது. முழவும் பறையும் தோலின்றி ஒலிப்பதில்லை. ஆயினும் பறையின் ஒலியைப் போற்றிய சமூகம், தோலைப் பதமாக்கிய கைகளைத் தீண்டத்தகாதவை என ஒதுக்கிவைத்தது.

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் பதனிடும் தொழில் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. ஆற்று நீர், புன்செய் நிலங்களில் தானே வளரும் ஆவாரை, மலைக்காட்டுக் கடுக்காய், சுண்ணாம்பு ஆகியவை அதற்கு உதவின. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை ஓடத் தொடங்கிய இருப்புப்பாதை, பின்னர் மேற்கே நீண்டு இவ்வூர்களைச் சென்னைக் கடற்கரையோடு பிணைத்தது. ஆவாரம் பட்டையிற் பதமான தோல் சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளைக் கடந்து இலண்டன் சந்தைக்குக் கப்பலேறியது. முதல் உலகப்போரில் பிரித்தானியப் படைவீரர் அணிந்த காலணிகளுக்கும் இத்தோல் பயன்பட்டது. கடலில்லா வேலூர்க்குச் சென்னையே எயிற்பட்டினம் ஆயிற்று.

வணிகத்தை நடத்தியவர் பெரும்பாலும் முசுலிம்கள். ஈட்டிய பொருளிற் கல்விக்கும் அவர்கள் ஒரு பங்கு ஒதுக்கினர். 1919இல் தோன்றிய வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி அக்கொடை மரபின் சான்று. குழிகளில் இறங்கி உழைத்தவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். பிற்காலத்தில் காலணித் தொழிற்சாலைகள் பெருகியபோது தையற்பொறிகளின் முன் அமர்ந்தவர்களுட் பெரும்பாலோர் சுற்றுவட்டார ஊர்களின் பெண்கள். விடியலில் தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்கும் அவர்களின் ஊதியத்தால் பல குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. ஆம்பூர்க் கடைகளிற் காலணியும் இடைவாரும் கைப்பையும் விலை பேசி வாங்குவோர் தொட்டுப் பார்ப்பது இத்தனை பேர் கைபட்ட பொருளை.

உணவு

வேலூரின் லாங்கு பசாரில் தானியமும் காய்கறியும் மளிகையும் வந்து குவிகின்றன. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் சிறு மருந்தகமாகத் தொடங்கிய கிறித்தவ மருத்துவமனையை நாடி இந்தியாவின் கிழக்கெல்லையிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். அவர்களுக்காக மருத்துவமனையை அடுத்த தெருக்களில் வங்க எழுத்துப் பெயர்ப்பலகைகள் எழுந்துள்ளன. கடுகெண்ணெய் மீன்குழம்பும் சோறும் கிடைக்கின்றன. துறைமுகங்களுக்கே உரிய பன்மொழி ஆரவாரத்தை நோயும் நம்பிக்கையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தன.

ஆம்பூரின் பெயரைச் சொன்னாலே பிரியாணி நினைவுக்கு வரும். சீரகச்சம்பா அரிசியும் ஆட்டிறைச்சியும் விறகடுப்பில் ஒன்றாய்ப் பதமாகிச் செம்மை படர்ந்து வரும். புளிப்பேறிய கத்திரிக்காய்க் குழம்பும் வெங்காயத் தயிர்ப்பச்சடியும் உடன்வரும். ஆர்க்காட்டு நவாபு மரபின் அடுக்களைக் கைப்பக்குவம் இதன் மூலம் என்பது ஊரார் வழக்கு. அந்நவாபு மரபுக்கும் ஆம்பூருக்கும் குருதித் தொடர்பும் உண்டு: 1749ஆம் ஆண்டு ஆகத்து 3ஆம் நாள் நவாபு அன்வருதீன் கான், சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்த படையோடு பொருது வீழ்ந்தது இவ்வூர்க் களத்திலேதான். ஆர்க்காட்டு மக்கன்பேடா இனிப்புக்குப் பெயர்பெற்றது. வேலூரை அடுத்த இலவம்பாடியின் முள்கத்திரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்காய் விளைவதற்கு நல்ல நிலமும் நல்ல நீரும் வேண்டும்.

ஆறு

பழைய ஆற்றுப்படைகள் இனியதை மட்டும் சொல்லவில்லை. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார், கூத்தர் செல்லும் வழியிலுள்ள வழுக்குப் பாறை, பாம்பு உறையும் இடம், விலங்குக்கு வைத்த பொறி ஆகியவற்றையெல்லாம் எடுத்துரைத்து எச்சரிக்கிறார். செல்வோனை ஏமாற்றாமல் வழி சொல்லுதல் அம்மரபின் அறம்.

அவ்வறத்தைப் பின்பற்றுவோர் பாலாற்றைச் சொல்லியாக வேண்டும். நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஆந்திர நாட்டைக் கடந்து, வாணியம்பாடி வழியே தமிழகத்தில் நுழையும் இவ்வாறு பெரும்பாலும் மணலாகவே தோன்றும். மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும் என்பதே இதன் பெருமை. 1903 நவம்பரில் இவ்வாறு பெருகி வாணியம்பாடிப் பகுதியில் பேரழிவு விளைத்தது. பின்வந்த அழிவு நீர் இன்மையாலும் நீர் கெட்டதாலும் மெல்ல வந்தது.

ஆவாரம் பட்டையில் தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பிலோ ஓரிரு நாளிற் பணி முடியும். 1903இல் ஆல்பிரடு சாட்டர்டன் சென்னையில் சோதித்த இம்முறை, 1970களில் பச்சைத்தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டு முழுதும் பதமான தோலுக்கு அரசு ஊக்கமளித்தபின் பரவலாயிற்று. அந்நியச் செலாவணி பெருகியது, வேலை பெருகியது, உப்பும் குரோமியமும் கலந்த கழிவு ஓடைகளிலும் ஆற்றிலும் பெருகியது. கிணறுகள் நிறம் மாறின. தென்னையும் நெல்லும் வாடின.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகத்து 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. பதனிடும் ஊர்களில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாது போயிற்று என்னும் மதிப்பீட்டை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும் சுட்டியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியும், கேடு வருமுன் காக்கும் நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என நீதிபதி குல்தீப் சிங் அமர்வு உறுதிசெய்தது. தோல் ஆலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டம் செலுத்தவும் ஆணையிட்டது. உலகச் சட்ட நூல்களில் வேலூரின் பெயர் இன்று பயிலப்படுவது கோட்டையினாலன்று, இவ்வழக்கினால்.

தீர்ப்போடு துயர் முடியவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. அவற்றின் கசடு தேங்கியது. 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் அத்தகைய கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப்பேர் மாண்டனர். பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். 2025 சனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்டோர்க்கு அரசு இழப்பீடு வழங்கி, அதனை மாசுபடுத்தியவரிடமிருந்து ஈட்டிக்கொள்ள வேண்டும் எனப் பணித்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் ஒரு தலைமுறை கழிந்திருந்தது.

ஆலையை மூடுக என்பது எளிய சொல். விடியலில் பேருந்துக்கு நிற்கும் பெண்களுக்கு அச்சொல் பசியாகும். ஆற்றை மறப்போம் என்பதும் எளிய சொல். கிணறு கெட்ட உழவனுக்கு அது ஊரைவிட்டு வெளியேறும் ஆணையாகும். இவ்விருவரும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தவர் என்பதே இந்நிலத்தின் சிக்கல். மு. வரதராசனாரை ஈன்ற இம்மண்ணில் எழுதுகோல் எடுப்போர் இச்சிக்கலைக் கடந்து செல்லுதல் இயலாது.

‘ஆறு’ என்னும் சொல்லுக்கு வழி என்றும் பொருள், நீர்ப்பெருக்கு என்றும் பொருள். நத்தத்தனார் காலத்துப் பாணனுக்கு முதற்பொருளை மட்டும் காட்டினாற் போதுமாயிருந்தது. பாலாற்றங்கரைக்கு விருந்தினரை ஆற்றுப்படுத்தும் புலவர், கோட்டையைக் காட்டியபின், காலணி வாங்குவித்தபின், பிரியாணி உண்பித்தபின், பாலத்தின்மேல் சற்று நிறுத்தி இரண்டாம் பொருளையும் காட்டுதல் வேண்டும்.