டில்டேன்னு ஒரு குப்பைத்தொட்டி

லினக்ஸ் சர்வர் ஓயாம புலம்பிக்கிட்டே இருக்கும். மெயில் போச்சு, பாஸ்வேர்டு தப்பு, டிஸ்க் நிறையுதுன்னு எல்லாத்தையும் வரி வரியா எழுதி வைக்கிற கணக்குப்பிள்ளை பேர் சிஸ்லாக். அவர்கிட்ட 'இதை மட்டும் எழுதாதீங்க'ன்னு சொல்றதுக்கு வழி பிறந்த கதைதான் இது.

1980-களில் பெர்க்லியில எரிக் ஆல்மன், தன்னோட சென்ட்மெயில் மென்பொருளுக்காக சிஸ்லாக்கை எழுதினார். நல்லாருக்கேன்னு மத்த புரோகிராம்களும் வந்து ஒட்டிக்கிச்சு. ஒவ்வொரு செய்திக்கும் ரெண்டே அடையாளம்: யார் சொல்றது, எவ்வளவு அவசரம். அவசரத்துக்கு 0 முதல் 7 வரை 8 படி. 0-ன்னா வீடு பத்தி எரியுது, 7-ன்னா வெட்டிப்பேச்சு. சொல்றவங்களுக்கு 24 எண்கள். மெயிலுக்கு 2, பிரிண்டருக்கு 6, இன்னைக்குப் பலரும் கேள்வியே படாத யூயூசிபிக்கு 8. வெப் சர்வருக்குத் தனி எண் கிடையாது. பாவம், அப்போ வெப்பே பிறக்கலை :-)

இந்த வழக்கமெல்லாம் ஆர்எஃப்சி 3164-ன்னு ஏட்டுல ஏறினது 2001-லதான்!

பழைய சிஸ்லாக் தபால்காரர் மாதிரி. உறையைப் பார்ப்பார், கடிதத்தைப் படிக்க மாட்டார். மெயிலுக்கு 'நன்'னு போட்டா, அந்த ஒரு ஃபைலுக்கு மெயில் செய்தி போகாது. அடுத்த ஃபைலுக்குத் தாராளமாப் போகும்.

உறையைப் பிரிச்சுப் படிக்கிறவங்க அப்புறம் வந்தாங்க. 1998-ல் ஹங்கேரியில பலாஜ் ஷைட்லர் தொடங்கின சிஸ்லாக்-என்ஜி, 2004-ல் ஜெர்மனியில ரைனர் கெர்ஹார்ட்ஸ் தொடங்கின ஆர்சிஸ்லாக். ஆர்சிஸ்லாக்ல 'செய்தியில இந்த வார்த்தை இருந்தா'ன்னு எழுதி, பக்கத்துல ஒரு டில்டே (~) போட்டா போதும், செய்தி காலி. பிந்தைய பதிப்புகள்ல அதுக்குப் பதிலா 'ஸ்டாப்'. விதிகளை மேலிருந்து கீழா படிக்கும். டில்டேக்கு மேல இருக்கிற விதி செய்தியை எழுதிடும். கீழ இருக்கிறதுக்கு அப்படி ஒண்ணு வந்ததே தெரியாது.

அங்கதான் நான் மாட்டினேன். சில நொடிக்கு ஒருதடவை 'கனெக்‌ஷன் முடிஞ்சது'ன்னு வந்து லாக் ரொம்பி வழிஞ்சது. எரிச்சல்ல, 'கனெக்‌ஷன்'ங்கிற ஒத்தை வார்த்தைக்கு டில்டே போட்டு ஃபைலோட உச்சியில வச்சேன். லாக் பளிச்சுன்னு ஆச்சு. மூணு வாரம் கழிச்சு நடுராத்திரி டேட்டாபேஸ் படுத்துக்கிச்சு. லாக்கைத் திறந்தா, ஒரு பிழைகூட இல்லை! 'கனெக்‌ஷன் மறுக்கப்பட்டது'ன்னு அது கதறின ஒவ்வொரு வரியையும் என் டில்டே முழுங்கியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க விடிஞ்சிடுச்சு.

ஆல்மனோட 'நன்' மந்தம்தான், ஆனா அடுத்த ஃபைல்ல ஒரு பிரதி மிஞ்சும். டில்டே எதைத் தூக்கிப் போட்டதுன்னு எங்கயும் எழுதி வைக்காது. இப்பல்லாம் எந்தப் புரோகிராம், முழு வாசகம் என்னன்னு ரெண்டையும் சேர்த்துத்தான் விதி எழுதறேன். முதல் ஒரு வாரம் தனி ஃபைலுக்குத் திருப்பிவிட்டுப் படிச்சுப் பார்த்துட்டு, அப்புறம்தான் குப்பைத்தொட்டி.