சேனையின் பெயரும் மலபார் ஓவியமும்

மலையாளத்தில் சேன, தமிழில் சேனை, தெலுங்கில் கந்த, வங்கத்தில் ஓல், இந்தியில் சூரன் அல்லது ஜிமிகந்த் என வழங்கும் கிழங்கிற்குத் தாவரவியல் இன்று தரும் பெயர் அமார்ஃபோஃபாலஸ் பியோனிஃபோலியஸ். பெயரின் பின்பாதிக்குப் 'பியோனிச் செடியின் இலையை ஒத்தது' என்று பொருள். ஈரக்காடுகளின் ஓரத்தில் வளரும் செடிக்குக் குளிர்நாட்டுப் பூச்செடியின் உவமை வாய்த்தது எவ்வாறு என்பது, காலனிய அறிவியலின் வரலாற்றைப் படிப்போர் கவனிக்கத்தக்க கேள்வி.

1670 முதல் 1677 வரை டச்சு மலபாரை ஆண்ட ஹென்ட்ரிக் வான் ரீட் திரட்டிய 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' 1678–1693 காலத்தில் 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. சேனை இடம்பெறும் 11ஆம் தொகுதி, ரீட் இறந்த மறு ஆண்டான 1692இல் அச்சானது. அதில் இச்செடி மலையாளப் பெயராலேயே குறிக்கப்படுகிறது. 1818இல் ஜெர்மானியரான டென்ஸ்டெட் அந்நூலின் படங்களுக்கு லின்னேய முறையில் பெயரிட முனைந்தார். பியோனி உவமை அப்போது பிறந்தது. அவர் செடியைக் கண்டு பெயரிடவில்லை, அச்சான படத்தைக் கண்டே பெயரிட்டார்.

கல்கத்தாத் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக விளங்கிய ராக்ஸ்பரோவோ செடியை நேரில் அறிந்தவர். மணி வடிவப் பூமடலைக் கருதி அவர் இட்ட 'கம்பானுலாத்தும்' என்ற பெயர், அவர் மறைந்த பின் 1820 அளவில் வெளியான தொகுதியில் வந்தது. அனுபவத்தில் பிறந்த அப்பெயரே நூறாண்டுக்கும் மேலாக வேளாண் நூல்களில் நிலைத்தது. 1977இல் நிக்கல்சன் முந்துரிமை விதியின்படி டென்ஸ்டெட்டின் பெயரை மீட்டார். விதிப்படி அது சரியே. ஆனால் அதனால் பெயரின் அடித்தளம் மீண்டும் மலபார்ப் படத்திற்கே திரும்பியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்நூலுக்குச் செடிகளை அடையாளங்காட்டி மருத்துவப் பயனும் உரைத்தோருள் முதன்மையானவர் சேர்த்தலைக்கு அருகிலுள்ள கடக்கரப்பள்ளியின் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். 1675இல் அவர் அளித்த சான்றுரை முதல் தொகுதியில் அச்சாகியுள்ளது. அறிவியற்பெயருக்குப் பின்னொட்டாக வரும் ஆசிரியர் பெயர்களில் அவருக்கு இடமில்லை.

உழவர் அறிவும் இவ்வாறே பெயரற்றது. சேனையின் நாக்கரிப்புக்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட்டின் ஊசிப்படிகங்கள் என்பதை வேதியியல் பின்னரே விளக்கிற்று. புளியோ மோரோ சேர்த்து வேகவைக்கும் வழக்கம் அதற்கு வெகுமுன்பே அடுக்களையில் இருந்தது. கும்ப மாதத்தில் நட்டால் கிழங்கு குடமளவு பெருக்கும் என்னும் கேரளப் பழமொழியில் ஒரு பருவக் கணக்கே அடங்கியிருக்கிறது. பிப்ரவரி–மார்ச்சில் நட்ட துண்டு கோடை மழையில் முளைத்து, பருவமழையில் ஒற்றை இலையை விரித்து, எட்டு ஒன்பது மாதங்களில் இலை மடிந்தபின் அகழப்படும். மூலநோய்க்கு ஆயுர்வேதம் பரிந்துரைக்கும் கிழங்கும் இதுவே. காசியிலும் பீகாரிலும் தீபாவளியன்று இதைச் சமைப்பது மரபு.

பயிரின் உண்மையான இடர் விதைச் செலவில் உள்ளது. மொட்டுள்ள துண்டுகளைச் சாணக்கரைசலில் தோய்த்து உலர்த்தி, மூன்றடி இடைவெளியில் நடுவர். துண்டு ஒன்று அரைக்கிலோ என்றாலும் ஹெக்டேருக்கு 6 டன் கிழங்கு மண்ணுக்குள் போகவேண்டும். ஒரு கிலோவாயின் 12 டன். உண்ணத்தக்க பொருளையே இவ்வளவு புதைக்கச் சிறு உழவரால் எளிதில் இயலாது.

ஆந்திரத்தின் கொவ்வூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட கஜேந்திரா வகை, அரிப்பின்மையாலும் பக்கக்கிழங்குகள் அற்ற வழவழப்பாலும் பீகார், வங்கம் வரை பரவியது. திருவனந்தபுரத்தில் 1963இல் தோன்றிய மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமும் ஸ்ரீ பத்மா போன்ற வகைகளை அளித்தது. சந்தைக்கு இது நன்மையே. ஆயினும் ஒரே வகையின் துண்டுகளே ஊர்தோறும் நடப்படும்போது, ஒவ்வொரு செடியும் மற்றதன் நகலாகிறது. தண்டு சொரசொரப்பான, நாவை அரிக்கும் காட்டுச்சேனையோ புதர்களிலும் காட்டோரங்களிலும் நடுவாரின்றித் தானே முளைக்கிறது.