பழையகாயல் ஓடும் காயல்பட்டினம் மீசானும்

தூத்துக்குடி–திருச்செந்தூர் சாலையில் தாமிரபரணிக்கு வடக்கே பழையகாயல், தெற்கே காயல்பட்டினம். பேருந்தில் போகிறவருக்கு இரண்டும் வழியில் வரும் ஊர்கள், அவ்வளவுதான். நடக்கிறவருக்குக் கண்ணை வைக்க வேண்டிய இடமே வேறு. பழையகாயலில் தரையைப் பார்க்க வேண்டும். காயல்பட்டினத்தில் பள்ளிவாசலை ஒட்டிய மையவாடியைப் பார்க்க வேண்டும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைக் கப்பல்கள் வந்து நின்றதாக மார்க்கோ போலோ எழுதிய ‘காயில்’ துறைமுகம் பழையகாயல்தான் என்றார் இடையன்குடி கால்டுவெல். அதற்கு அவர் காட்டிய சான்றுகளில் முக்கியமானது, அங்கே காலடியில் கிடந்த சீன, அரபு நாட்டுப் பீங்கான் துண்டுகள். சீனத்தோடு வாணிபம் நடந்த நினைவே ஊராருக்கு இல்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். நாள்தோறும் அவர்கள் மிதித்து நடந்த துண்டுகள் அவை! ஒரு நூற்றாண்டு கழித்து ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் அவர் குழுவினரும் தென்னிந்திய, இலங்கைக் கடலோர ஊர்களில் இதே போன்ற சீனப் பீங்கான் ஓடுகளைத் தேடி நடந்தார்கள். அந்தத் தேடல் 2004இல் நூலாக வந்தது.

சீன ஓட்டை நம் பானை ஓட்டிலிருந்து பிரித்தறிவது கடினமில்லை. நம் ஓடு சிவப்பு. தண்ணீர் பட்டால் உறிஞ்சும். சீனாவின் லோங்சுவான் சூளையில் வெந்த ஓட்டில் வெளியே பச்சை மெருகு, உடைந்த விளிம்பில் சாம்பல் வெள்ளை. மண்ணைத் துடைத்தால் இன்றும் மினுங்கும்.

காயல்பட்டினத்து மையவாடியில் நிற்கும் மீசான் கற்கள், அதாவது கல்லறைக் கற்கள், வேறு வகைச் சாட்சி. கருங்கல்லில் செதுக்கிய அரபு எழுத்தில் இறந்தவர் பெயர், தகப்பனார் பெயர், ஹிஜ்ரி ஆண்டு. அருகிலுள்ள பழைய பள்ளிவாசல்களின் கல் தூண்களோ நம் சிற்பிகளின் கைவரிசை. மெஹ்ரதாத் ஷோகூஹி 2003இல் வெளியிட்ட தென்னிந்திய இஸ்லாமியக் கட்டடக்கலை நூலில் இவை இடம்பெற்றுள்ளன. ஓடு எந்த நாட்டுச் சரக்கு என்று சொல்லும். கொண்டுவந்தவர் யாரென்று சொல்லாது. மீசான் ஆளைச் சொல்லும். அவர் என்ன விற்றார் என்று சொல்லாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இந்தக் கடற்கரையின் வாணிபம் முழுதாகப் புலப்படும்.

ஆனால் ஆபத்தில் இருப்பது ஓடுதான் என்பது என் கருத்து. மீசானுக்கு ஜமாஅத் உண்டு, ஃபாத்திஹா ஓதும் வாரிசுகள் உண்டு. சுண்ணாம்பு பூசி எழுத்தை மூடாமல் இருந்தாலே போதும். ஓட்டுக்கு யாருமில்லை. உழவிலும், மனை போட மண் அள்ளும்போதும் அது இடம் மாறிவிடும். கிடந்த இடம் தெரியாமல் போனால் அதன் சாட்சியில் பாதி போய்விடும்.

ஆகவே பழையகாயல் பக்கம் தினமும் நடப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓட்டைக் கண்டால் எடுக்காதீர்கள். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, தமிழ்நாடு தொல்லியல் துறைக்குத் தெரியப்படுத்துங்கள்.