ஜீரோ ஏ.டி.யில் மௌரியர் இருக்கிறார்கள், மூவேந்தர் எங்கே?

கணினியில் ஆடும் போர் விளையாட்டைப் பற்றி இந்த வயதில் இவர் ஏன் எழுதுகிறார் என்று நம் வாசகர்களில் சிலர் நினைக்கலாம். விளையாட்டு ஒரு சாக்குதான். எழுத வந்தது சரித்திரம்.

விளையாட்டின் பெயர் ஜீரோ ஏ.டி. அதாவது கி.பி. பூஜ்யம். அப்படி ஓர் ஆண்டே கிடையாது என்பது நமக்குத் தெரியும், கி.மு. 1 முடிந்ததும் கி.பி. 1 வந்துவிடுகிறது. இல்லாத ஆண்டைப் பெயராக வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே காலத்தில் ஒரே களத்தில் சந்தித்திராத அரசுகளை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும் கற்பனை இது. ரோமாபுரியும் மகதமும் மோதினால் என்ன ஆகும்? ஸ்பார்ட்டா வீரன் பட்டத்து யானையைக் கண்டால் என்ன செய்வான்? அந்த மாதிரி.

2001ல் சில இளைஞர்கள் தொடங்கிய வேலை இது. அப்போது கடைகளில் விற்ற ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்ற விளையாட்டை மாற்றி அமைக்கலாம் என்றுதான் முதலில் எண்ணினார்கள். பிறகு அடுத்தவர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதைவிடத் தனியாகவே கட்டலாம் என்று இறங்கிவிட்டார்கள். குழுவின் பெயர் வைல்ட்ஃபயர் கேம்ஸ். 2009 ஜூலையில் விளையாட்டின் மூல நிரல் முழுவதையும் பொதுவில் திறந்து வைத்தார்கள். அன்றுமுதல் உலகின் பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து இழுக்கும் தேர் அது.

இலவசம் என்றதும் நம் ஊரில் மிக்சி, மின்விசிறி ஞாபகம்தான் வரும். பிரெஞ்சில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. காசில்லாமல் கிடைப்பது ‘கிராத்வி’. கட்டுப்பாடு இல்லாமல் இருப்பது ‘லிப்ர்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் என்பதால் அவர்களுக்குக் குழப்பம். தமிழில் கணினிக்காரர்கள் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று அழகாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். ஜீரோ ஏ.டி. இரண்டு வகையிலும் சேர்த்தி. பணம் கேட்பதில்லை, விளம்பரம் காட்டுவதில்லை. அதோடு, உள்ளே கைவைத்து மாற்றவும், மாற்றியதை அதே உரிமத்தின்படி ஊருக்குக் கொடுக்கவும் நமக்கு உரிமை உண்டு.

இது நமக்குப் புதிதில்லை. ஆடுபுலி ஆட்டம் யாருக்குச் சொந்தம்? கோயில் திண்ணையில் கரித்துண்டால் கோடு கிழித்து, மூன்று புலி, பதினைந்து ஆடு வைத்து ஆடினோம். பக்கத்து ஊர்க்காரன் வேறு கணக்கு சொல்வான். அவன் விதிப்படி ஒரு ஆட்டம், நம் விதிப்படி ஒரு ஆட்டம் என்று தீர்த்துக்கொள்வோம். கணினிப் பிள்ளைகள் இப்போது ‘மாட்’ என்று சொல்கிறார்களே, அது பக்கத்து ஊர்க்காரனின் விதிதான்.

ஆட்டத்தின் போக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மையக் கட்டடமும் சில ஆட்களும் கொடுப்பார்கள். உணவு, மரம், கல், உலோகம் நான்கையும் சேர்க்க வேண்டும். கிராமம், பட்டணம், நகரம் என்று மூன்று நிலைகளில் ஊர் வளரும். சாதாரண வீரன் சண்டை இல்லாதபோது மரம் வெட்டுவான், கல் உடைப்பான். ஈட்டிக்காரன் ஒருவனை உருவாக்க 50 உணவும் 50 மரமும் செலவு. பெரிய தலைவர்கள் கடைசி நிலையில் வருவார்கள். போனில் ஆடுவதற்கானது இல்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக் என எந்தக் கணினியானாலும் சரி.

என்னை இழுத்தது அதில் இருக்கும் மக்களின் பட்டியல். அதில் கோலுவாக்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கால்ஸ் என்பார்களே, பழைய பிரான்சின் குடிகள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரான்சில் அச்சான பாடப்புத்தகம், முதல் பாடமே அவர்கள்தான். அதுவும் ‘நம் முன்னோர்’ என்று. வேட்டி கட்டிய அப்பாவுக்கும் வெற்றிலை போட்ட பாட்டிக்கும் பிறந்த வழியில் வந்த நாங்கள், மஞ்சள் மீசைக்காரர்களை முன்னோர் என்று ஒப்பித்தோம். கி.மு. 52ல் அலேசியாவில் ஜூலியஸ் சீசரிடம் தோற்ற வெர்சாஞ்செத்தோரிக்ஸ் எங்களுக்குக் கட்டபொம்மனுக்கு முன்பே அறிமுகம். அந்த வெர்சாஞ்செத்தோரிக்ஸ் இந்த விளையாட்டில் ஒரு தலைவன். அறுபது வருஷம் கழித்துப் பழைய வகுப்புத் தோழனைப் பார்த்த மாதிரி இருந்தது.

மௌரியரும் இருக்கிறார்கள். 2013ல் வந்த பதிமூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தார்கள்; அந்தப் பதிப்புக்கே ‘மகதம்’ என்று பெயர். பதிப்புகளுக்கு அகர வரிசைப்படி பழங்காலப் பெயர் வைப்பது இவர்கள் வழக்கம். அலெக்சாண்டர் போரஸோடு பொருத ஜீலம், பதஞ்சலி எல்லாம் அந்த வரிசையில் வந்தாயிற்று. இசட் வரை போய் மறுபடி ஏ வந்தபோது 2025ல் ‘அக்னி’.

மௌரியப் பகுதியைச் செய்தவர்கள் நன்றாகப் படித்துச் செய்திருக்கிறார்கள். தலைவர்கள் மூவர்: சந்திரகுப்தர், அசோகர், சாணக்கியர். பெண் மெய்க்காவலர் படை ஒன்று உண்டு. கற்பனை என்று நினைக்க வேண்டாம். அரசனைச் சுற்றிப் பெண்கள் காவல் இருந்ததை கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் வழிவந்த குறிப்புகள் சொல்கின்றன. போர் யானை தவிர வேலைக்கென்று தனி யானை. வெட்டிய மரத்தை அதனிடமே ஒப்படைக்கலாம், கட்டடம் கட்டவும் உதவும். அசோகர் தூணை ஊரில் நட்டுக்கொள்ளலாம். இன்னொரு நுட்பம்: செலூசிட் என்ற கிரேக்க அரசுக்கும் இந்திய யானை கொடுத்திருக்கிறார்கள். சந்திரகுப்தர் உடன்படிக்கை செய்துகொண்டு செலூகசுக்கு 500 யானைகள் கொடுத்த கதை அதற்குள் இருக்கிறது.

சரி, தெற்கே? சேரர், சோழர், பாண்டியர் ஒருவரும் இல்லை.

இதைச் சொன்னதும் நம் நண்பர்கள் சிலருக்கு ரத்தம் கொதிக்கும். வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீனத்து ஹான் அரசும் முதலில் இதில் இல்லை. ஆர்வலர்கள் தனி மாட் ஆகச் செய்து, பல வருஷம் ஆடிப் பார்த்துத் திருத்தி, 2022ல்தான் அது மூல விளையாட்டில் சேர்ந்தது. நம் திருத்தணிக்கு இதெல்லாம் தெரிந்த கதை. 1953 அக்டோபர் 1ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு நாமும் அந்தப் பக்கம் போனோம். 1960 ஏப்ரல் 1ல் திரும்பி வந்தோம். ம.பொ.சி.யும் மற்றவர்களும் கிளர்ச்சி செய்தார்கள், சிறை சென்றார்கள், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், படாஸ்கர் முன்னால் கிராமவாரியாக எந்த மொழிக்காரர் எத்தனை பேர் என்ற கணக்கு இருந்தது. கணக்கு இல்லாமல் கோடு நகர்ந்திருக்காது.

ஆகவே ஒரு குமாஸ்தாவின் புத்தியோடு கோப்பைத் திறந்து பார்த்தேன். சுருக்கி வைத்திருக்கும் பெரிய கோப்பு ஒன்றை விரித்தால் உள்ளே ஆயிரக்கணக்கில் சிறு கோப்புகள். ஒவ்வொரு வீரனுக்கும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு கோப்பு. நோட்பேடிலேயே படிக்கலாம். பெயர், செலவு, உயிர்ப்பலம், நடைவேகம், எதைத் தாக்கலாம் என்று வரிசையாகப் பூர்த்தி செய்த படிவம் மாதிரியே இருக்கிறது. பொதுப்பெயருக்குப் பக்கத்தில் அந்த மக்கள் மொழியிலான சொந்தப் பெயருக்கும் ஒரு கட்டம். மாற்றுகிறவர் மூலத்தைத் தொடவே வேண்டாம். தனி உறை ஒன்று போட்டு, அதில் மாட் பெயர், பதிப்பு எண், சிறு விளக்கம் கொண்ட ஒரு தாளும், மாற்ற வேண்டிய கோப்புகளும் வைத்தால் போதும். விளையாட்டு அதை மேலே வைத்துப் படித்துக்கொள்ளும். எங்கள் அலுவலகத்தில் விதிப்புத்தகத்தில் திருத்தச் சீட்டு ஒட்டுவோம்; புத்தகம் அப்படியே இருக்கும், சீட்டில் இருப்பதுதான் செல்லும். அதே முறை. நிலப்படம் வரைய ‘அட்லஸ்’ என்ற கருவியும் கூடவே வருகிறது. கட்டடத்தின் உருவம் செய்வதுதான் கடினம், அதற்குப் படம் வரையும் பிள்ளைகள் வேண்டும்.

மூவேந்தருக்கு அந்தப் படிவத்தை நிரப்பச் சான்று இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. தாராளமாக இருக்கிறது. முதல் சாட்சி அசோகரே. தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் எல்லைக்கு அப்பாலுள்ள சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் பெயர்களைச் சொல்கிறார். அந்தச் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1981ல் திருக்கோவலூர் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சிக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்து முடிச்சை அவிழ்த்தது. மாங்குளத்தில் நெடுஞ்செழியன், புகளூரில் மூன்று தலைமுறைச் சேரர். எல்லாம் கல்லில் இருக்கிறது.

வீடு கட்டக் கீழடியின் செங்கல் சுவர் இருக்கிறது. பட்டறைக்குக் கொடுமணல், அங்கே இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். துறைமுகத்துக்கு எங்கள் அரிக்கமேடு. 1945ல் வீலரும், 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுக்காரர் கசாலும் தோண்டி, ரோமானிய மதுச்சாடிகளையும் மெருகேற்றிய சிவப்புத் தட்டுகளையும் எடுத்த இடம். பள்ளிப் பிள்ளைகளாக அந்த ஆற்றங்கரை மேட்டில் மணி பொறுக்கித் திரிந்திருக்கிறோம். கோலுவாக்களைச் சொன்ன பாடப்புத்தகத்தில் அந்த மேட்டுக்கு ஒரு வரி கிடையாது.

விதிகளில்தான் நம் சரக்கு இன்னும் ருசி. மௌரியருக்குத் தூண் என்றால் நமக்கு நடுகல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ல் கிடைத்த நடுகற்களில் ஒன்று ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்தவனுக்கு எடுத்தது. வெட்சி சூடி மாட்டைக் கவர்வது, கரந்தை சூடி மீட்பது என்று போருக்கே நம்மவர்கள் வரிசை வைத்திருக்கிறார்கள். இந்த விளையாட்டில் தொழுவம் கட்டி ஆடுமாடு வளர்க்க முடியும் என்பதால் அந்த விதியைச் சேர்ப்பது நடக்கக்கூடியதே. காவல்மரம் இன்னொன்று. பகைவனின் காவல்மரத்தை வெட்டினால் அவன் படைக்கு ஊக்கம் குறையட்டும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்துக்கு நிலம் விளைச்சல் மாறட்டும். தொல்காப்பியம் படித்த தமிழாசிரியர் ஒருவரும் நிரல் எழுதத் தெரிந்த பேத்தி ஒருத்தியும் ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் ஆகிற காரியம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். நம்மவர்கள் கையில் கிடைத்தால் முதலில் ராஜராஜனைத்தான் கொண்டுவருவார்கள். தஞ்சைப் பெரிய கோயில் 1010ல் முடிந்தது. இந்த விளையாட்டின் காலம் ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது. நம் ஊர் வீரட்டானேஸ்வரர் கோயிலே அபராஜித பல்லவன் காலம், ஒன்பதாம் நூற்றாண்டு. அதுவும் உள்ளே வராது. பிற்காலத்தவருக்கு ‘மில்லெனியம் ஏ.டி.’ என்று இடைக்கால அரசுகளுக்கான தனி மாட் இருக்கிறது, அங்கே போகலாம். இங்கே கரிகாலனும் தலையாலங்கானத்து நெடுஞ்செழியனும் வந்தால்கூடக் காலத்தைக் கொஞ்சம் இழுத்துத்தான் வைக்க வேண்டும்.

அதிசயக் கட்டடம் என்று ஒவ்வொரு மக்களுக்கும் ஒன்று உண்டு. மௌரியருக்குச் சாஞ்சி ஸ்தூபி. பெரிய கோயில் கூடாது என்றால் நமக்கு எது? என் ஓட்டு கல்லணைக்கு. நீரோரம் மட்டுமே வைக்கலாம் என்ற விதி துறைமுகக் கட்டடத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது, அந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதிசயத்துக்கு மரம், கல், உலோகம் மூன்றும் செலவு கேட்கிறது அந்தப் படிவம். கல்லணைக்கு மரமும் உலோகமும் எதற்கு? அந்த இரண்டு கட்டத்திலும் பூஜ்யம் போட்டுக் கல்லை மட்டும் மூன்று பங்காக்கிவிடலாம்.